பெட்டி ஒன்று, சிப் நான்கு

2003 செப்டம்பர் 1-ஆம் தேதி சென்னையில் கேபிள் டி.வி.க்கு ‘காஸ்’ முறை வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் இலவசச் சேனல்களோடு சரி. மற்ற பெருநகரங்கள் தயங்கி நின்றபோது சென்னை மட்டும் இறங்கிவிட்டது. ஊரெல்லாம் பாக்ஸின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தாம்பரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவருக்கு வேறு கவலை. ரிச்சி தெருவில் வாங்கிய டி.வி. டியூனர் கார்டை லினக்ஸில் ஓடவைக்க அவர் பட்ட பாட்டுக்கு அப்போதுதான் பலன் கிடைக்கத் தொடங்கியிருந்தது. இனி கட்டணச் சேனலுக்கு ஆன்டெனா சாக்கெட்டில் கேபிளைச் செருகிப் பயனில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் மஞ்சள் வயரைக் கார்டின் பின்புறமுள்ள இன்னொரு சாக்கெட்டில் செருக வேண்டும். அந்தச் சாக்கெட் உள்ளே சிப்பின் எந்தக் காலில் போய்ச் சேர்கிறது என்று கார்டு செய்தவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இன்று அவர் பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலையில் தினசரிப் பயணம். வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவிகளோடு அவருக்கு இருபது வருடத்துக்கு மேலான பழக்கம். இந்தக் கருவிகளை வேலை செய்யவைப்பது சிப்பைப் பற்றிய அறிவு மட்டுமல்ல. சிப்பைச் சுற்றி யார் எப்படி வயர் இழுத்திருக்கிறார்கள் என்ற அறிவும்தான். இதைச் சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை.

அந்த முதல் கார்டில் இருந்தது பிடி878 என்ற சிப். புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 சிப்பின் அடுத்த தலைமுறை. அந்தக் காலத்தில் மலிவான டி.வி. கார்டு என்றாலே பெரும்பாலும் இதுதான். லினக்ஸில் இதற்கு ‘பிடிடிவி’ என்று ஒரு டிரைவர். ரால்ஃப் மெட்ஸ்லர் தொடங்கி வைத்ததை ஜெர்மனியின் கெர்ட் க்னோர் பல ஆண்டுகள் பராமரித்தார். கார்டைப் பொருத்தி டிரைவரை ஏற்றியதும் படம் வந்துவிட்டது. சத்தம் வரவில்லை.

காரணம் எளிமையானது. அனலாக் படத்தை எண்களாக மாற்றும் வேலை முழுக்க சிப்புக்குள்ளேயே நடக்கிறது. எந்தக் கம்பெனி கார்டானாலும் சிப் அதேதான், ஆகையால் படம் வந்துவிடும். சத்தத்தின் வழி வேறு. தகர டப்பா மாதிரி இருக்கும் டியூனரிலிருந்து வரும் ஒலி, ரேடியோ ஒலி, வெளியிலிருந்து வரும் ஒலி என்று பல ஒலிகளில் ஒன்றைத் தேர்ந்து விடுவதற்குக் கார்டில் தனியாக ஒரு சிறிய சுவிட்ச் சிப் இருக்கும். அதைத் திருப்பும் கயிறு பிடி878 சிப்பின் ‘ஜிபிஐஓ’ எனப்படும் பொதுப் பயன்பாட்டுக் கால்களில் கட்டப்பட்டிருக்கும். எந்தக் காலில் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். ஒரே அடுக்ககத்தின் எல்லா வீட்டிலும் ஒரே கம்பெனி சுவிட்ச்தான் இருக்கிறது. ஆனால் எதைத் தட்டினால் எந்த ஃபேன் சுற்றும் என்பது அந்த வீட்டில் வேலை பார்த்த வயர்மேனுக்குத்தான் தெரியும். அதே கதைதான்.

பிடிடிவி டிரைவருக்குள் இதற்கென்றே ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. கார்டுக்கு ஒரு வரிசை, நூற்று அறுபதுக்கும் மேல். முதலாவது, அதாவது பூஜ்யம் எண் வரிசைக்குப் பெயரே ‘தெரியாதது, பொதுவானது’. பத்தாவது எண் ஹாப்பாக் நிறுவனத்தின் பிடி878 கார்டு. ஒவ்வொரு வரிசையிலும் வீடியோ எந்தக் காலில் வருகிறது, ஒலிக்கு எந்த ஜிபிஐஓ கால்களைத் தொட வேண்டும், டியூனருக்கு, ரேடியோவுக்கு, வெளி ஒலிக்கு, மௌனத்துக்கு என்னென்ன எண்கள் எழுத வேண்டும் என்ற விவரங்கள். டியூனருக்கும் தனிப் பட்டியல். நம் ஊர் ஒளிபரப்பு பால்-பி முறை என்பதால் பிலிப்ஸ் டப்பா உள்ள கார்டுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் எண்.

நல்ல கம்பெனிகள் கார்டிலேயே ஈப்ரம் என்ற ஒரு சின்ன நினைவகச் சிப்பை வைத்து, ‘நான் இன்னார்’ என்று அதில் எழுதி வைத்திருக்கும். டிரைவர் அதைப் படித்துச் சரியான வரிசையைத் தானே எடுத்துக்கொள்ளும். மலிவுக் கார்டில் அந்த ஈப்ரமைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். மாணவரின் கார்டிலும் அது இல்லை. ஆகவே பூஜ்யம்.

வழி ஒன்றுதான். கார்டைக் கழற்றி டேபிள் லாம்ப் அடியில் வைத்து ஒவ்வொரு சிப்பின் மேலும் பொறித்திருப்பதைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு அட்டவணையில் அதே சிப்புகள் உள்ள வரிசைகளைப் பொறுக்கி, டிரைவரை இறக்கி ஏற்றி, ஒவ்வொன்றாகக் காதால் சோதிக்க வேண்டும். இன்னொரு பக்கம், அதே கார்டை விண்டோஸில் ஓடவிட்டு, டியூனர் ஒலிக்கும்போதும் மௌனமாக இருக்கும்போதும் ஜிபிஐஓ ரிஜிஸ்டரில் என்ன எண் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். பிடிடிவி டிரைவரோடு வந்த ஒலிக் கையேடே இந்த இரண்டாவது வழியைச் சொல்லிக் கொடுத்தது. கார்டு செய்தவர்கள் சொல்லாததை அவர்களுடைய விண்டோஸ் டிரைவரின் வாயிலிருந்தே பிடுங்கும் வித்தை இது. அட்டவணையின் பெரும் பகுதி இப்படித்தான் நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும், அந்தக் கார்டைக் காசு கொடுத்து வாங்கி, சத்தம் வரும்வரை விடாத ஒருவர் இருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பெரும்பாக்கத்தில் குடியேறிய பிறகு டி.வி. கார்டுகளை அவர் மறந்தே போயிருந்தார். மறுபடி நினைவூட்டியது 2015 டிசம்பர் வெள்ளம்.

பெரும்பாக்கம் ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் இடையே தண்ணீர் தேடிப் போகும் வழியெல்லாம் இன்று வீடுகள். அந்த டிசம்பரில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் வந்தது. கீழ் வீட்டு அம்மாளின் பீரோ அடித்தட்டில் இருந்த புடவைகளோடு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய வி.ஹெச்.எஸ். கேசட்டுகளும் நனைந்தன. 1991-இல் நடந்த அவருடைய கல்யாண வீடியோ அதில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பையோடு மேலே ஏறி வந்தார்.

“தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல இருக்கறவரு. படம் கொஞ்சம் மங்கலா வந்தாலும் பரவால்லப்பா. இதுல எங்க அப்பா மைக் புடிச்சு எல்லாரையும் வரவேற்றுப் பேசுவாரு. அவரு குரல் இதுல மட்டுந்தான் இருக்கு.”

ஈரமான டேப்பை வி.சி.ஆரில் போடக் கூடாது என்பது பொறியாளருக்குத் தெரியும். மேடவாக்கத்தில் முன்பு வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரைப் போய்ப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை.

“சார், இப்படியே போட்டீங்கன்னா ஹெட்டு போயிடும், டேப்பும் போயிடும். ஓட்டை மாத்தணும். நான் செஞ்சு தர்றேன், அவசரப்படுத்தாதீங்க.”

சுருளை மட்டும் வெளியே எடுத்து, ஃபேன் காற்றில் நன்றாக உலரவைத்து, பூஞ்சையைத் துடைத்து, வேறொரு நல்ல கேசட்டின் ஓட்டுக்குள் பொருத்திக் கொடுத்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய வி.சி.ஆர். கிடைத்தது. மிச்சமிருந்தது வி.சி.ஆரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு பாலம். அதற்காக மறுபடியும் ரிச்சி தெரு.

கடையில் கொடுத்தது கட்டைவிரல் நீளத்தில், ஒரு முனையில் யூ.எஸ்.பி., மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுகள் உள்ள ஒரு சாதனம். ‘ஈஸிகேப்’ என்ற பெயரில் உலகம் முழுக்க விற்ற சாதனம் இது. இதன் வரலாறு யாரையும் அசரவைக்கும். ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஓடு. உள்ளே குறைந்தது நான்கு விதமான சிப்புகள். ஒன்றில் சின்டெக் நிறுவனத்தின் எஸ்டிகே1160. இன்னொன்றில் எம்பியாவின் இஎம்2860. மூன்றாவதில் சோமேஜிக். நான்காவதில் ஃபுஷிகாயின் யூடிவி007. வாங்கும்போது எது கிடைக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. லேப்டாப்பில் செருகி யூ.எஸ்.பி. எண்ணைப் பார்த்த பிறகுதான் வெளிச்சம்.

நான்குக்கும் லினக்ஸில் நான்கு கதை. எஸ்டிகே1160 சிப்புக்கு அர்ஜென்டினாவின் எசெகியேல் கார்சியா எழுதிய டிரைவர் 2012-இல் லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்ந்தது. யூடிவி007 சிப்புக்கு லுபோமிர் ரின்டெல் எழுதியது 2013-இல் சேர்ந்தது. எம்பியா சிப்புக்கு ஏற்கெனவே ‘இஎம்28எக்ஸ்எக்ஸ்’ என்ற பெரிய டிரைவர் இருந்தது. சோமேஜிக்தான் வம்பு: செருகியவுடன் அது வீடியோ சாதனமே அல்ல, அதற்குள் ஃபர்ம்வேரை ஏற்றினால்தான் வேறொரு எண்ணோடு மறுபிறவி எடுத்து வரும். அந்த ஃபர்ம்வேரையும் விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும்.

பெரும்பாக்கத்துப் பொறியாளருக்குக் கிடைத்தது எஸ்டிகே1160. ஓட்டை நெம்பித் திறந்து பார்த்தார். பக்கத்தில் இன்னொரு சிப், அதன் மேல் ‘ஜிஎம்7113சி’ என்று பொறித்திருந்தது.

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எஸ்டிகே1160 யூ.எஸ்.பி. வழியாகப் படத்தை அனுப்பும் சிப் மட்டுமே. வி.சி.ஆரிலிருந்து வரும் அனலாக் சிக்னலைப் பிரித்து எண்களாக்குவது பக்கத்திலுள்ள டிகோடர். பிலிப்ஸ் செய்த எஸ்ஏஏ7113 என்ற டிகோடருக்கு லினக்ஸில் பல காலமாக டிரைவர் இருக்கிறது. எத்தனையோ கம்பெனிகளின் எத்தனையோ கார்டுகள் அதை நம்பி ஓடுகின்றன. ஜிஎம்7113சி அந்தச் சிப்பின் சீனப் பிரதி. கால்களும் ரிஜிஸ்டர்களும் ஏறக்குறைய அதேதான், நடத்தை மட்டும் அங்கங்கே மாறும்.

எப்படி அடையாளம் காண்பது? அசல் சிப்பில் பூஜ்யம் ரிஜிஸ்டரில் 0 முதல் 15 வரை ஒவ்வொரு எண்ணாக எழுதி எழுதித் திரும்பப் படித்தால், ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்தாகத் தன் பெயரைச் சொல்லும். அதற்குள் 7113 என்ற எண் இருக்கும். பிரதி அப்படிச் சொல்லாது. டிரைவரின் மூல நிரலில் இதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது: ‘ஜிஎம்7113சி 1145’ என்று பொறித்த ஒரு சிப்பைச் சோதித்தபோது பதினாறு முறையும் 10 என்றே பதில் வந்ததாம். பிறகு ‘சிஜேசி7113’ என்று இன்னொரு பிரதி வந்தது. அது பதினாறு முறையும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றது. இரண்டையும் டிரைவர் இப்போது அடையாளம் காண்கிறது. தன் பெயரைச் சொல்லத் தெரியாத சிப்பை, அது பதில் சொல்லும் விதத்தை வைத்தே யாரோ ஒருவர் பெயர் சூட்டிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

அடுத்த சிக்கல் தொடக்க மதிப்புகள். மின்சாரம் வந்தவுடன் ஒரு டிகோடருக்கு டிரைவர் சில பத்து ரிஜிஸ்டர்களில் எண்களை எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்லும். எஸ்ஏஏ7113 சிப்புக்கு டிரைவர் எழுதிவந்த எண்கள் சில, சிப் தயாரித்தவர்களின் டேட்டாஷீட்டில் சொன்ன எண்களாக இல்லை. எட்டாம் ரிஜிஸ்டரில் டேட்டாஷீட் சொல்வது ஹெக்ஸ் 98; டிரைவர் எழுதியது ஹெக்ஸ் 88. ஏன் என்று கேட்டால், பல வருடங்களுக்கு முன் யாரோ ஒருவருடைய கார்டில் அது நன்றாக வேலை செய்திருக்கும். பிறகு வந்தவர்கள் அதை நம்பித் தங்கள் கார்டுகளைச் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது புதுச் சாதனத்துக்கு 98 வேண்டுமென்றால் என்ன செய்வது? டிரைவரிலேயே மாற்றிவிடலாம்தான். மாற்றினால், உலகத்தில் எங்கோ ஒருவர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்டு கெட்டுப்போகலாம். அந்தக் கார்டை வைத்துச் சோதித்துப் பார்க்க இங்கே யாரிடமும் அது இல்லை. 2013-இல் ஜோன் ஆர்னே யோர்கென்சன் செய்த மாற்றங்கள் இதற்கு நாகரிகமான தீர்வைத் தந்தன. பழைய எண்களைத் தொடவில்லை. ஆனால் அவற்றுக்கு நேரே, இது டேட்டாஷீட் மதிப்பல்ல, இருக்க வேண்டியது இது என்று குறிப்பு எழுதினார். பிரதிக்குத் தனிப் பட்டியல். அதற்கு மேலும் ஒரு வசதி: சிப்பை ஏற்றும் சாதன டிரைவர், ‘என் போர்டில் இந்த இந்த இடங்களில் மட்டும் வேறு மதிப்பு வேண்டும்’ என்று ஒரு சீட்டை நீட்டலாம். சீட்டு வராதவரைக்கும் பழைய நடத்தைதான். யாருடைய சாதனமும் கெடாது, புதிதாக வருபவருக்கும் இடம் உண்டு.

எட்டாம் ரிஜிஸ்டர் சாதாரண இடமல்ல, வி.ஹெச்.எஸ். வேலை செய்பவருக்கு உயிர்நாடி. அதிலுள்ள இரண்டு பிட், படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்பதை டிகோடர் எவ்வளவு வேகமாகத் துரத்த வேண்டும் என்று சொல்கின்றன. டி.வி. நிலையத்திலிருந்து வரும் சிக்னலின் வரிகள் கடிகாரம் போலத் தவறாமல் வரும். மெதுவாகத் துரத்தினால் போதும். வி.சி.ஆர். அப்படியல்ல. சுழலும் ஹெட்டுகள் இரண்டும் மாறும் ஒவ்வொரு தடவையும் நேரம் சற்றே தப்பும். டிகோடர் மெதுவாக இருந்தால் படத்தின் மேல் ஓரம் ஒரு பக்கமாகச் சாயும். அதற்காகவே அந்த இரண்டு பிட்டில் டி.வி. முறை, வி.டி.ஆர். (வீடியோ டேப்) முறை, அதிவேகப் பூட்டு முறை என்று மூன்று நிலைகள்.

டிபக் வசதியோடு கெர்னலைக் கட்டிக்கொண்டால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிஜிஸ்டரை மாற்றலாம். கல்யாண வீடியோவில் மணமேடைக் காட்சியை ஓடவிட்டு எட்டாம் ரிஜிஸ்டரில் ஹெக்ஸ் 80 எழுதினார். பந்தலின் மேல் தொங்கிய மாவிலைத் தோரணம் முழுக்க வலப்பக்கம் இழுபட்டுக் கொடி போல ஆடியது. அதன் கீழே நின்ற பெரியவரின் தலைப்பாகையும் சேர்ந்து சரிந்தது. 88 எழுதியதும் தோரணம் நேராகி, ஓரத்தில் மட்டும் லேசாகத் துடித்தது. 98-இல் அதுவும் நின்றது. ஒரு பைட்டில் இரண்டே பிட். நேரில் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு பிட்டின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

வண்ணத்துக்கும் ஒரு தடை இருந்தது. எஸ்டிகே1160 டிரைவர் ஆரம்பத்தில் அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையை எடுத்துக்கொள்ளும். நம் கேசட்டுகள் பால். மாற்றச் சொல்லாவிட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும், நிறமும் வராது. ஒரு கட்டளையில் தீர்ந்துவிடும் விஷயம், ஆனால் இதைத் தெரியாமலேயே ‘லினக்ஸில் ஓடாது’ என்று சாதனத்தைத் தூக்கிப் போட்டவர்கள் சென்னையில் எத்தனையோ பேர்.

இதில் மெச்ச வேண்டிய இன்னொன்று அளவு. பால் படம் ஒன்றுக்கு 720க்கு 576 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட், நொடிக்கு 25 படம். நொடிக்கு இரண்டு கோடியே ஏழு லட்சம் பைட்டுக்கு மேல் வருகிறது. யூ.எஸ்.பி. 2.0-இல் இப்படி இடைவிடாத ஓட்டத்துக்கு ஒரு சாதனம் ஒதுக்கிக்கொள்ளக்கூடிய உச்சமே சுமார் இரண்டரைக் கோடி பைட். குழாயின் விளிம்புவரை தண்ணீர். அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் செருகினால் படத்தில் கோடு விழும்.

படம் நேரானது. நிறம் வந்தது. அந்த அம்மாளின் அப்பா மைக்கைப் பிடித்து வாயசைத்தார். சத்தம் வரவில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து அதே இடம், அதே காரணம். எஸ்டிகே1160 போர்டுகளில் ஒலிக்கு இரண்டு வழி உண்டு. சிலவற்றில் ‘ஏசி97’ என்ற கோடெக் இருக்கும். சிலவற்றில் சிப்புக்குள்ளேயே உள்ள எட்டு பிட் மாற்றியோடு நிறுத்திக்கொள்வார்கள். எது என்பதைப் போர்டில் ஒரு காலை மேலே கட்டியிருக்கிறார்களா, கீழே கட்டியிருக்கிறார்களா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஏசி97 கோடெக்குக்கு இன்னொரு குணம்: மின்சாரம் வந்தவுடன் எல்லா வழிகளையும் மூடிக்கொண்டுதான் எழும். டிரைவர் அதன் குமிழ்கள் அத்தனையையும் மிக்ஸரில் பரப்பி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சாதனத்தைச் செருகும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் போய் சரியான வழியைத் திறந்து, அளவை ஏற்ற வேண்டும்.

திறந்தார். “வந்திருக்கும் அனைவரையும்…” என்று கரகரத்த குரல் லேப்டாப்பிலிருந்து வந்தபோது, பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “இன்னொரு வாட்டி போடுங்க தம்பி” என்றார்.

2016 இறுதியில் மார்செல் ஹாஸ்லர் என்பவர் இந்த டிரைவரைச் சீர்செய்தார். ஒலிக்கு எந்த வழி என்பதைப் போர்டின் கால்களைப் படித்து டிரைவரே தெரிந்துகொள்ளும்படி செய்தார். மிக்ஸரை அடியோடு எடுத்துவிட்டு, விண்டோஸ் டிரைவர் கோடெக்கில் என்ன எண்களை எழுதுகிறதோ அதே எண்களை லினக்ஸ் டிரைவரும் எழுதும்படி வைத்தார். அதற்குப் பின் வந்த கெர்னலில் செருகினால் சத்தம் வரும். பெரும்பாக்கத்துக்காரர் இந்த மாற்றத்தை மனதாரப் பாராட்டுகிறார். போர்டைப் பற்றிய அறிவு டிரைவருக்குள் இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கேசட் ஓட்ட உட்காரும் ஆளின் தலையில் அதைக் கட்டக் கூடாது. எல்லாக் குமிழையும் பயனருக்குத் திறந்துவிடுவதை சுதந்திரம் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதம் அவருக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

மேடவாக்கம் ஸ்டுடியோக்காரர் தன்னிடமிருந்த இன்னொரு சாதனத்தைக் கொண்டுவந்தார். அது எம்பியா வகை. இந்தச் சிப்பை வாங்கிய பல கம்பெனிகள் தங்களுக்கென்று யூ.எஸ்.பி. எண் பெறாமல், சிப் தயாரித்தவரின் எண்ணையே விட்டுவிடுகின்றன. ஒரே எண்ணில் பத்து விதப் போர்டு. இஎம்28எக்ஸ்எக்ஸ் டிரைவர் இதற்குக் கண்டுபிடித்த வழி சுவையானது. ஈப்ரமில் உள்ளதையெல்லாம் படித்து ஒரு கூட்டு எண்ணாகச் சுருக்கித் தன் பட்டியலில் ஒப்பிடும். அதில் பொருந்தவில்லையென்றால், சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பியில் எந்தெந்த முகவரியிலிருந்து பதில் வருகிறது என்று பார்த்து – ஹெக்ஸ் 25-இல் ஒரு டிகோடர், 50-இல் ஈப்ரம், 61-இல் டியூனர் என்ற மாதிரி – அந்த அமைப்பை வைத்து ஊகிக்கும். ஊகித்ததை மறைக்காமல் சொல்லவும் செய்யும்: உங்கள் போர்டுக்குத் தனி எண் இல்லை, குறிப்பை வைத்து முடிவு செய்திருக்கிறேன், இது நூற்றுக்கு நூறு நம்பத்தக்கதல்ல, தவறென்றால் இந்தப் பதிவை அனுப்புங்கள் என்று கெர்னல் பதிவில் எழுதி வைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மென்பொருளை அவர் அதிகம் பார்த்ததில்லை.

அந்த டிரைவரில் ஒவ்வொரு போர்டுக்கும் ஜிபிஐஓ வரிசைகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் நான்கு விவரம்: எந்த ரிஜிஸ்டர், என்ன மதிப்பு, எந்த பிட்டுகளைத் தொடலாம், அதன் பிறகு எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். நான்காவதை யாரும் மதிப்பதில்லை. டிகோடரின் ரீசெட் காலை விட்டவுடன் அதனோடு பேசினால் பதில் வராது. சிப்பே இல்லை என்று டிரைவர் முடிவு கட்டிவிடும். பத்து மில்லிசெகண்ட் பொறுத்தால் இருக்கிறேன் என்கிறது.

பழைய காலத்தில் இதைவிட முரடாகத்தான் நடந்தது. ஐ2சி கம்பியில் தன் சிப் இருக்கக்கூடிய முகவரிகளையெல்லாம் ஒவ்வொரு சிப் டிரைவரும் தட்டிப் பார்க்கும். தட்டுவது எப்போதும் பாதுகாப்பானதல்ல. 2001 வாக்கில் ஐ.பி.எம். திங்க்பேட் லேப்டாப்புகளில் வெப்பமானி சிப்பைத் தேடிப்போன லினக்ஸ் நிரல் ஒன்று, அங்கிருந்த 24ஆர்எஃப்08 என்ற ஈப்ரமைக் கெடுத்தது. லேப்டாப் எழாமலே போனது. 2009-இல் ஹான்ஸ் வெர்குயில் கொண்டுவந்த துணைச் சாதன அமைப்பு இந்தத் தட்டலைக் கட்டுப்படுத்தியது. எந்தப் போர்டில் எந்தச் சிப் எந்த முகவரியில் இருக்கிறது என்பது சாதன டிரைவருக்குத்தான் தெரியும், ஆகவே அதுவே பெயர் சொல்லி அழைக்கட்டும் என்பது அதன் ஏற்பாடு. அதிலே ‘இனிட்’ என்று ஒரு செயல்பாடும் இருக்கிறது. புது டிரைவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம், பழையவற்றிலிருந்தும் நீக்க வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ‘ஏதோ நியாயமான மதிப்புகளை எழுதிவிடு’ என்ற பொத்தாம்பொதுவான கட்டளை யாருடைய போர்டுக்கும் பொருந்தாது என்று அனுபவம் கற்றுக்கொடுத்த பிறகு எழுதிய வரி அது.

இன்று அனலாக் டியூனர் கிட்டத்தட்ட இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஒளிபரப்பைத் தொடங்கிய தூர்தர்ஷனும் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. வேலை கேமராவுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. ஈ-கான் சிஸ்டம்ஸ் போலச் சென்னையிலேயே கேமரா போர்டுகள் செய்து, லினக்ஸ் டிரைவர் எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. போர்டின் வயரிங் விவரம் இப்போது ‘டிவைஸ் ட்ரீ’ என்ற தனிக் கோப்புக்குப் போய்விட்டது. நல்ல மாற்றம். ஆனால் கேமரா சென்ஸர் டிரைவர்கள் பலவற்றைத் திறந்தால் நூற்றுக்கணக்கான ரிஜிஸ்டர் எண்கள், ஒன்றுக்கும் விளக்கம் இல்லாமல், மந்திர உச்சாடனம் போல நிற்கின்றன. சென்ஸர் கம்பெனி ரகசிய ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த பட்டியலை அப்படியே ஒட்டியிருப்பார்கள். இதை அவர் கோபத்தோடுதான் சொல்வார். 88 ஏன் 98 இல்லை என்று ஒரு வரிக் குறிப்பு எழுதப் பல வருடங்கள் ஆயின. அந்த ஒரு வரியால்தான் அடுத்தவர் பயமில்லாமல் அதைத் தொட முடிகிறது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் டிரைவர் எழுதும் இளைஞர்களிடம் அவர் கேட்பது இதைத்தான்: எண்ணை ஒட்டும்போது, இது சிப்புக்காகவா, நம் போர்டுக்காகவா என்பதை மட்டுமாவது பக்கத்தில் எழுதுங்கள்.

வாசகர்களுக்கும் அவர் ஒன்று சொல்லச் சொன்னார். வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழையதுதான், அதற்கு ஹெட் மாற்றத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். தென்சென்னையின் ஈரக் காற்றில் பரணில் கிடக்கும் டேப்பில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. கேசட்டுகளை எடுத்துப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள், உலர்ந்த இடத்தில். ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் வி.சி.ஆரில் போடாதீர்கள், முதலில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மாற்றுவதை அடுத்த மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள். மாற்றும் சாதனம் லினக்ஸில் ஓடவில்லையென்றால் குப்பையில் போட வேண்டாம். ஓட்டைத் திறந்து, சிப்புகளின் மேலுள்ள எழுத்து தெரியும்படி ஒரு படம் எடுத்து, கெர்னல் பதிவோடு அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். உங்கள் போர்டுக்கு அட்டவணையில் ஒரு வரிசை சேர்வதற்கு அது போதும்.